28:16, 38:24, 25:18: ஒரு தங்க நானோகொத்தின் வாய்பாடு திருத்தப்பட்ட நிகழ்வு

எதைப் பற்றிய பதிவு

ஒரே தங்க–கந்தகக் கொத்து (சில பத்துத் தங்க அணுக்கள் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு) 1998 முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள் வேதியியல் இதழ்களில் இரண்டு தவறான வாய்பாடுகளோடு உலவியது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் அதில் 28 தங்க அணுக்கள் இருப்பதாகச் சொன்னார்கள். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் 38 என்றார்கள். இரண்டுமே 25 என்பது பிறகு தெரியவந்தது. ஜப்பானின் ஒகசாகியில் இருந்த குழு முதலில் 28 என்பதையே ஏற்றுக்கொண்டு, மறு ஆண்டே தன் கணக்கைத் தானே மாற்றி எழுதியது. 2008-இல் படிக அமைப்பு வெளியானதும் விவகாரம் முடிந்தது.

ஆய்வாளர்களின் பெயர்களை இங்கே தரவில்லை. எல்லாம் அச்சில் வந்தவை. வேண்டுவோர் தேடி எடுத்துக்கொள்ளலாம். யார் தவறினார் என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. மூவருமே இத்துறையின் தலைசிறந்த குழுக்கள். அப்படிப்பட்ட கைகளில் ஒரு தவறான எண் எப்படி இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்தது, அதைப் பிடுங்கி எறிய என்னென்ன முடிவுகள் தேவைப்பட்டன என்பதே பதிவின் பொருள்.

வாய்பாடுகளைச் சுருக்கமாக எழுத ஒரு ஏற்பாடு: முதலில் தங்க அணுக்களின் எண்ணிக்கை, அடுத்து அவற்றைப் போர்த்தியிருக்கும் தயோலேட்டு ஈனிகளின், அதாவது கந்தக முனையால் தங்கத்தைப் பற்றும் கரிமத் தொகுதிகளின், எண்ணிக்கை. 25:18 என்றால் 25 தங்க அணுக்கள், 18 ஈனிகள்.

பின்னணி

தங்க உப்பை ஒரு தயோலின் (கந்தகம்–ஹைட்ரஜன் முனை கொண்ட கரிமச் சேர்மத்தின்) முன்னிலையில் சோடியம் போரோஹைட்ரைடால் ஒடுக்கினால், அதாவது எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்கினால், தங்க அணுக்கள் ஒன்றோடொன்று கூடத் தொடங்கும். தயோலின் கந்தக முனை தங்கத்தைப் பற்றிக்கொண்டு அந்தக் கூடலை ஓரிடத்தில் நிறுத்திவிடும். 1994-இல் பிரிட்டனில் வெளியான இருநிலைச் செய்முறை இதை எல்லா ஆய்வகங்களுக்கும் எளிதாக்கியது. தங்க உப்பை நீரிலிருந்து டொலுவீனுக்குக் கடத்த அதில் டெட்ராஆக்டைல்அம்மோனியம் புரோமைடு பயன்படும். வேலை முடிந்ததும் அதைக் கழுவி அகற்றுவார்கள், அல்லது அகற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். இந்த உப்பு பின்னால் மீண்டும் வரும்.

சில நானோமீட்டர் விட்டமுள்ள தங்கத்துகள் 520 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி ஒயின் சிவப்பாகத் தெரியும். விட்டம் ஒன்றரை நானோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அந்த நிறம் மறைந்துவிடும். அதன் இடத்தில் மூலக்கூறுகளுக்கே உரிய படிப்படியான உறிஞ்சல் முகடுகள் தோன்றும். இந்த எல்லைக்குள் வந்த பொருளைத் துகள் என்று அழைப்பதே சரியில்லை. 5,000 அணுக்கள் கொண்ட துகளில் நூறு கூடினாலும் குறைந்தாலும் அதன் குணம் பெரிதாக மாறாது. 25 அணுக்கள் உள்ள கொத்தில் ஒன்று மாறினால் அது வேறு சேர்மம். ஆகவே அணுக்களைத் துல்லியமாக எண்ணுவது இங்கே அடிப்படைத் தேவை. ஆனால் அன்று கையில் இருந்த கருவிகளில் பெரும்பாலானவை துகள்களுக்காகப் பழகியவை.

1998: அட்லாண்டாவில் 28:16

அட்லாண்டா குழு குளுட்டாதயோன் என்ற இயற்கை முப்பெப்டைடை ஈனியாக எடுத்துக்கொண்டது. நீரில் கரையும் கொத்துகள் கிடைத்தன. அவற்றைப் பாலிஅக்ரிலமைடு ஜெல்லில், மின்புலத்தால் இழுத்துப் பிரிக்கும் எலக்ட்ரோபோரசிஸ் முறையில் ஓடவிட்டால் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். கொத்துகளுக்கே நிறம் இருப்பதால் சாயமேற்ற வேண்டியதில்லை. பட்டைகள் கண்ணுக்கே தெரியும். அவற்றில் மிக அடர்ந்த பட்டையை வெட்டியெடுத்து நிறை அளந்தபோது 10.4 கிலோடால்டன் வந்தது (ஒரு டால்டன் ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் அணுவின் நிறை). ஒளி உறிஞ்சல் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட்டில் தொடங்கி, 670 நானோமீட்டரில் தெளிவான முகட்டைக் காட்டியது. வாய்பாடு 28:16 என்று முடிவாயிற்று.

இந்த முடிவை அவசரம் என்று சொல்லிவிட முடியாது. பிரித்தெடுத்ததும், நிறை அளந்ததும், நிறமாலை எடுத்ததும் அன்றைய தரத்தில் முதல் வரிசை வேலை. சிக்கல் கணக்கிலேயே ஒளிந்திருந்தது. ஒரு தங்க அணுவின் நிறை 196.97 டால்டன், ஹைட்ரஜனை இழந்த குளுட்டாதயோனின் நிறை ஏறத்தாழ 306.3. இதை வைத்துப் பெருக்கிப் பார்த்தால் 28:16-இன் நிறை 10,416 டால்டன். 25:18-இன் நிறை 10,438. மூன்று தங்கத்தைக் கழித்து இரண்டு குளுட்டாதயோனைச் சேர்த்தால் வெறும் 21.7 டால்டன்தான் வேறுபடுகிறது. மொத்தத்தில் இது 0.2 சதவீதம். 10.4 கிலோடால்டன் என்ற அளவீடு இரண்டுக்குமே பொருந்தும்.

இன்னும் ஒரு சங்கடம் உண்டு. குளுட்டாதயோன் ஒவ்வொன்றிலும் இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் உள்ளன. கரைசலில் சோடியம் இருந்தால், அந்தத் தொகுதியின் ஹைட்ரஜன் போய் அங்கே சோடியம் உட்காரும். அப்போது நிறை 21.98 டால்டன் கூடும். அதாவது 28:16 ஒரு சோடியத்தை ஏற்றுக்கொண்டால், அதன் நிறை 25:18-இலிருந்து கால் டால்டன் அளவே விலகி நிற்கும். ஒடுக்கியாகப் பயன்படுவதே சோடியம் உப்பு என்பதால் கரைசலில் சோடியத்துக்குப் பஞ்சமே இருக்காது. இந்த ஒப்பீடு நான் போட்ட கணக்கு. 1998-இன் தவறுக்கு இதுதான் காரணம் என்று யாரும் வாக்குமூலம் தந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உப்பு நீக்காத மாதிரியையும் பிரிதிறன் குறைந்த கருவியையும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இது காட்டுகிறது.

28:16 நம்பும்படியாகவும் இருந்தது. அன்று எல்லோர் மனத்திலும் இருந்த படம் எளிமையானது: நடுவில் ஒரு தங்கக் கட்டி, அதன் முகங்களில் புல் முளைத்ததுபோல் தயோல்கள். 25 அணுக்கள் மட்டுமே உள்ள கட்டியின் மேல் 18 தயோல்களுக்கு இடம் ஏது? 28-இன் மேல் 16 என்பதே கொஞ்சம் நெருக்கடிதான் என்றாலும், 25-இன் மேல் 18 என்பதைவிட ஏற்கத்தக்கதாகத் தெரிந்திருக்கும்.

2004: சாப்பல் ஹில்லில் 38:24

சாப்பல் ஹில் குழு மின்வேதியியலில் பேர்பெற்றது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஈனி ஃபீனைல்எத்தேன்தயோல். கிடைத்த கொத்து நீரில் கரையாது. கரிமக் கரைப்பான்களில் கரையும். மின்வேதி அளவீட்டுக்கு அதுதான் வசதி. முதல் ஆக்சிஜனேற்ற அலைக்கும் முதல் ஒடுக்க அலைக்கும் இடையே 1.62 வோல்ட் இடைவெளி இருந்தது. மின்னேற்ற ஆற்றலைக் கழித்தால் எஞ்சுவது, ஒளி உறிஞ்சல் தொடங்கும் 1.33 எலக்ட்ரான் வோல்ட்டோடு ஒத்துப்போனது. இன்றும் மதிக்கத்தக்க அளவீடு அது. தவறு அதன் மேல் ஒட்டிய பெயரில் இருந்தது.

38 என்ற எண்ணுக்கு அன்று தனி மரியாதை இருந்தது. முனை வெட்டிய எண்முகியாகத் தங்க அணுக்களை அடுக்கினால் 38-இல் அழகாக நிறைவுறும். 38:24 என்ற வாய்பாட்டை வைத்துக் கோட்பாட்டாளர்கள் 1999-இலேயே கணக்குப் போட்டிருந்தார்கள். ஆகவே கிடைத்த சான்றுகள் அந்தத் திசையில் சற்றே சாய்ந்தாலும் போதும், எண் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைய வழக்கமான சான்றுகள் எவ்வளவு பிரித்துக்காட்டும் என்பதைப் பார்க்கலாம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிவது விட்டம். அது அணு எண்ணிக்கையின் கனமூலத்தைப் பொறுத்தது. 25-க்கும் 38-க்கும் விட்டம் 15 சதவீதமே வேறுபடும். ஒரு நானோமீட்டர் பொருளில் அது ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவு. எலக்ட்ரான் கற்றை பட்டு அந்தக் கொத்தே உருமாறுவது வேறு. வெப்ப எடைக்குறைவு முறையில் ஈனிகளை எரித்து எடை இழப்பை அளப்பார்கள். 38:24 என்றால் ஈனியின் பங்கு 30.6 சதவீதம், 25:18 என்றால் 33.4 சதவீதம். மாதிரியில் கொஞ்சம் கரைப்பானோ கழுவப்படாத அம்மோனியம் உப்போ இருந்தால் இந்த வேறுபாடு காணாமல் போகும். சாக்கோடு நிறுத்து அரிசியின் எடையைச் சொல்வது போன்ற வேலை அது. லேசர் கொண்டு அயனியாக்கும் நிறை அளவீட்டிலோ, லேசரின் அடியில் ஈனிகள் கழன்றும் கார்பன்–கந்தகப் பிணைப்புகள் முறிந்தும் போக, துண்டுகளே கருவியை எட்டின. முழு 25:18 ஃபீனைல்எத்தேன்தயோலேட்டுக் கொத்தின் நிறை 7,394 டால்டன். வெறும் 38 தங்க அணுக்களின் நிறை 7,485. இப்படிப்பட்ட தற்செயல்கள் இந்தத் துறையில் நிறைய.

மூன்று சான்றுகள் ஒரே விடையைச் சொன்னால் நம்பிக்கை மூன்று மடங்காகிறது. மூன்றுமே ஒரே பிழை எல்லைக்குள் மங்கலானவை என்றால், அவற்றின் ஒற்றுமைக்கு அவ்வளவு மதிப்பு இல்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரே நிறமாலைக்கு இரண்டு பெயர்கள்

2004 வாக்கில் நிலைமை இது. நீரில் கரையும் 28:16 என்ற சேர்மம். கரிமக் கரைப்பானில் கரையும் 38:24 என்ற சேர்மம். பத்து அணுக்கள் வேறுபாடு. ஆனால் இரண்டின் ஒளி உறிஞ்சலும் ஏறத்தாழ ஒன்றே: 670 முதல் 690 நானோமீட்டருக்குள் ஒரு முகடு, 450-இல் ஒன்று, 400 அருகே ஒரு தோள், 1.3 எலக்ட்ரான் வோல்ட்டில் தொடக்கம்.

இந்த அளவில் உறிஞ்சல் நிறமாலை ஒரு கைரேகை. எலக்ட்ரான் மட்டங்கள் அணுக்களின் எண்ணிக்கையையும் அடுக்கையும் நேரடியாகச் சார்ந்தவை. 28 அணுக்களும் 38 அணுக்களும் ஒரே ரேகையை விட்டுச்செல்ல வாய்ப்பு மிகக் குறைவு. இந்த நிகழ்வில் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். நுட்பமான கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு அச்சுப்படிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் ஒரு குழு நீரில் வேலை செய்தது, மற்றொன்று டொலுவீனில். ஒன்று உயிர்வேதியியல் பாணியில் ஜெல் ஓட்டியது, மற்றொன்று மின்முனையில் அளந்தது. ஈனி மாறினால் நிறமாலை எவ்வளவு மாறும் என்ற கேள்விக்கும் அன்று உறுதியான விடை இல்லை. கிட்டத்தட்ட மாறாது என்பது பிறகு தெளிந்தது.

2004–2005: ஒகசாகியில் மறு ஆய்வு

ஒகசாகி குழு குளுட்டாதயோன் கொத்துகளை மறுபடி தயாரித்து, ஜெல்லில் பிரித்து, எலக்ட்ரோஸ்பிரே முறையில் (கரைசலை மின்னூட்டமுள்ள நுண்துளிகளாகத் தெளித்து அயனியாக்கும் முறை) நிறை அளந்தது. 2004-இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 18, 21, 25, 28, 32, 39 என்று ஆறு அளவுகள் இருந்தன. 28 அதில் இடம்பெற்றிருந்ததால் அட்லாண்டா முடிவு உறுதிப்பட்டதுபோல் தோன்றியது.

அதோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் நிற்கவில்லை. பிரித்தெடுப்பை இன்னும் நுணுக்கமாக்கி, கூடுதல் பிரிதிறனோடு அதே பட்டைகளை மறுபடி அளந்தார்கள். 2005-இல் வந்த திருத்திய பட்டியலில் ஒன்பது சேர்மங்கள்: 10:10, 15:13, 18:14, 22:16, 22:17, 25:18, 29:20, 33:22, 39:24. 28 அதில் இல்லை. 670 நானோமீட்டர் முகட்டின் சொந்தக்காரர் 25:18 என்று அறிவித்தார்கள்.

எலக்ட்ரோஸ்பிரேயில் கொத்து பல எதிர்மின்னூட்டங்களோடு பறக்கும். கருவி காட்டுவது நிறையை மின்னூட்டத்தால் வகுத்த எண். மின்னூட்டம் ஐந்து என்றால், 28:16-க்கும் 25:18-க்கும் இடையிலான 21.7 டால்டன் வேறுபாடு நிறமாலையில் 4.3 அலகாகச் சுருங்கிவிடும். சோடியம் ஏறிய முகடுகளும் ஏறக்குறைய அதே இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஆகவே முகட்டின் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. சோடியம் ஏறாத தாய் முகடு எது என்பதை அடையாளம் காண வேண்டும். அதற்குச் சுத்தமான மாதிரியும் கூரிய முகடும் இரண்டுமே வேண்டும்.

அதே 2005-இல் வேறொரு பாதையும் இதே இடத்தில் வந்து சேர்ந்தது. பாஸ்பீன் என்ற பாஸ்பரஸ் ஈனி போர்த்திய 11 அணுத் தங்கக் கொத்தை எடுத்து, அதில் குளுட்டாதயோனைச் சேர்த்து ஈனிமாற்றம் செய்தபோது, பெருமளவில் கிடைத்தது 25:18. தொடக்கப் பொருளே வேறாக இருந்தும் முடிவு மாறவில்லை என்றால், அந்த எண்ணிக்கையில் ஏதோ காரணம் இருக்கிறது என்று பொருள்.

ஓராண்டுக்கு முந்தைய தன் கட்டுரையையே திருத்தி எழுதுவது எந்தக் குழுவுக்கும் இனிப்பான வேலை அல்ல. அதை அவர்கள் அடிக்குறிப்பில் ஒளிக்காமல் முழுக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

2007: ஈனிகளை எண்ணும் உத்தி

சாப்பல் ஹில்லில் 38 இன்னும் உயிரோடு இருந்தது. அவர்களுடைய கொத்தை எலக்ட்ரோஸ்பிரேயில் பறக்கவிடுவது கடினம். குளுட்டாதயோனைப் போல் அயனியாகும் தொகுதிகள் ஃபீனைல்எத்தேன்தயோலில் கிடையாது. லேசரால் அடித்தாலோ சிதறிவிடும்.

அவர்கள் எடுத்த முடிவுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்தது. கருவியோடு மல்லுக்கட்டாமல் கொத்தையே மாற்றினார்கள். குட்டையான பாலிஎத்திலீன் கிளைக்கால் வால் கொண்ட தயோலைச் சேர்த்து, பழைய ஈனிகளைப் புதியவற்றால் இடம்பெயர்த்தார்கள். அந்த வாலில் உள்ள ஆக்சிஜன்கள் சோடியம் போன்ற கார உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கொத்துக்கு நேர்மின்னூட்டம் கிடைத்தது, சிதறாமல் பறந்தது. குளுட்டாதயோன் கணக்கைக் குழப்பக்கூடிய அதே சோடியம் இங்கே தேவையான உதவியாளானது.

கூடவே இன்னொரு வசதியும் கிடைத்தது. ஈனிமாற்றம் அரைகுறையாக நடந்த மாதிரியில், ஒரு ஈனி மாறியது, இரண்டு மாறியது, மூன்று மாறியது என்று சம இடைவெளியில் முகடுகள் வரிசையாக நிற்கும். பழைய ஈனிக்கும் புதிய ஈனிக்கும் உள்ள நிறை வேறுபாடுதான் அந்த இடைவெளி. கூட்டுத்தொகை எப்போதும் 18. மொத்த நிறையிலிருந்து ஊகிக்கும் நிலை போய், ஈனிகளைத் தனியே எண்ண வழி பிறந்தது. 18 ஈனிகளின் நிறையைக் கழித்தால் எஞ்சுவது 25 தங்கத்தின் நிறை. 2007-இல் அந்தக் குழு தன் 38:24 உண்மையில் 25:18 என்று அச்சில் திருத்தியது.

அடுத்த ஆண்டு அதே குழு லேசர் அயனியாக்கத்தையும் பழக்கிக்கொண்டது. தகுந்த மேட்ரிக்ஸை (மாதிரியோடு கலந்து லேசரின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் துணைப்பொருளை) தேர்ந்து, லேசரின் வலிமையைத் தொடக்க எல்லைக்கு அருகிலேயே வைத்தால், 7,394-இல் முழுக் கொத்தும் சிதறாமல் வரும். லேசரைச் சற்றுக் கூட்டினால் நான்கு தங்கமும் நான்கு ஈனியும் ஒன்றாகக் கழன்று 21:14 என்ற துண்டு எஞ்சும். தங்கமும் ஈனியும் சேர்ந்தே வெளியேறுகின்றன என்ற இந்தக் கவனிப்பு, கட்டமைப்பைப் பற்றிய ஒரு துப்பும்கூட.

2007–2008: கட்டமைப்பு

கந்தகம் தங்கக் கட்டியின் மேல் சும்மா நிற்கிறது என்ற பழைய படம் இதற்குள் ஆட்டம் கண்டிருந்தது. 2006-இல் பின்லாந்து, சுவீடன் கோட்பாட்டாளர்கள், 38:24-ஐ வைத்துப் போட்ட கணக்கில், தங்கத்தின் ஒரு பகுதி உள்ளகத்தைவிட்டு வெளியே வந்து தயோலேட்டோடு சேர்ந்து வளையங்களாகப் போர்த்துகிறது என்றார்கள். வளையம் என்ற வடிவம் பின்னர் நிலைக்கவில்லை. வெளியே வருகிறது என்பது நிலைத்தது. 2007-இல் ஸ்டான்போர்டு குழு 102:44 கொத்தின் படிக அமைப்பை வெளியிட்டபோது, கந்தகம்–தங்கம்–கந்தகம் என்று வளைந்து இரு முனைகளாலும் உள்ளகத்தைக் கவ்வும் அலகுகள் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ஸ்டேப்ளர் ஊசியின் வடிவம் என்பதால் அவற்றுக்கு ஸ்டேபிள் என்றே பெயர் நிலைத்தது.

2008-இல் 25:18-இன் அமைப்பு மூன்று இடங்களிலிருந்து வந்தது. சாப்பல் ஹில் குழுவின் படிக ஆய்வும், பின்லாந்துக் குழு முன்னின்று செய்த கோட்பாட்டுக் கணிப்பும் ஒரே இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாயின. சில வாரங்களில் பிட்ஸ்பர்க் குழுவின் படிக ஆய்வும் வந்தது. மூன்றும் ஒரே விடை: நடுவில் ஓர் அணு, அதைச் சுற்றி இருபதுமுகியாக 12, ஆக 13 அணு உள்ளகம். அதன் மேல் ஆறு நீள ஸ்டேபிள்கள், ஒவ்வொன்றிலும் கந்தகம்–தங்கம்–கந்தகம்–தங்கம்–கந்தகம். ஆறு ஸ்டேபிள்களில் 12 தங்கம், 18 கந்தகம். 13-உம் 12-உம் சேர்ந்து 25. 18 தயோல்களுக்கு இடம் ஏது என்ற பழைய கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது: அவை கட்டியின் மேல் நிற்கவே இல்லை, பாதித் தங்கம் அவற்றோடு வெளியே வந்துவிட்டது.

படிகத்தில் எதிர்பாராத ஒருவரும் இருந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு டெட்ராஆக்டைல்அம்மோனியம் அயனி. கழுவி அகற்ற வேண்டிய மாசு என்று கருதப்பட்ட பொருள், கொத்தின் எதிர்மின்னூட்டத்தைச் சமன்செய்தபடி படிக அடுக்கில் தனக்குரிய இடத்தில் இருந்தது. ஒரு நேரயனி இருப்பதால் கொத்தின் மின்னூட்டம் எதிர் ஒன்று. மின்வேதியியலில் இதன் விளைவு உடனடியானது. நடுநிலை என்று கருதப்பட்ட தொடக்கநிலை உண்மையில் எதிரயனி. எனவே ஆக்சிஜனேற்ற அலைகளுக்கு இட்டிருந்த மின்னூட்டப் பெயர்கள் அனைத்தும் ஒரு படி நகர்ந்தன. அளந்த வோல்ட் மதிப்புகள் மாறவில்லை.

நிலைத்தன்மைக்குக் கிடைத்த விளக்கம்

சரியான எண் வந்ததும்தான் இந்தக் கொத்து ஏன் இவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்குப் பொருளே வந்தது. ஒவ்வொரு தங்க அணுவும் ஓர் எலக்ட்ரானைப் பொதுவில் தருகிறது. ஒவ்வொரு தயோலேட்டும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. எதிர் ஒன்று மின்னூட்டம் ஒன்றைச் சேர்க்கிறது. 25-இல் 18 போக ஏழு, கூட ஒன்று எட்டு. கோள வடிவ உலோகக் கொத்தில் எலக்ட்ரான் கூடுகள் நிறையும் எண்கள் 2, 8, 18, 34, 58 என்று போகும். எட்டு அதில் ஒன்று. 102:44-க்கு அதே கணக்கில் 58 வருகிறது. 28:16-க்குப் போட்டால் 12 வரும். அது எந்தக் கூட்டையும் நிரப்பாது. பழைய எண்ணை வைத்துக்கொண்டு நிலைத்தன்மைக்கு விளக்கம் தேடியவர்கள் கையில் கிடைத்திருக்கக் கூடியது வெறும் சமாதானங்களே.

ஆனால் எட்டு எலக்ட்ரான் கதை எல்லாவற்றையும் விளக்கிவிடாது; பாடநூல்கள் இதை அவசரமாகக் கடந்துபோகின்றன. ஒகசாகி குழு 2007-இலேயே, ஹெக்சேன்தயோலேட்டு போர்த்திய 25:18 கொத்து எதிர் ஒன்று, சுழி, நேர் ஒன்று ஆகிய மூன்று நிலைகளிலும் பிழைத்திருப்பதைக் காட்டியிருந்தது. எதிரயனி காற்றுப் பட்டாலே ஓர் எலக்ட்ரானை இழந்து நடுநிலைக்குப் போய்விடும் என்பதை 2008-இல் பிட்ஸ்பர்க் குழு படிக அமைப்போடு நிறுவியது. எலக்ட்ரான் கூடு நிறைவு மட்டுமே காரணம் என்றால் ஏழு எலக்ட்ரான் நடுநிலைக் கொத்து உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை, காந்தத் தன்மைதான் மாறியது. ஆறு ஸ்டேபிள்கள் இருபதுமுகியை இடைவெளியின்றி மூடியிருக்கும் வடிவப் பொருத்தத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அதிகப்படியான தயோலோடு வைத்துப் பார்க்கும் சோதனை இன்னும் தெளிவானது. குளுட்டாதயோன் மிகுதியாக உள்ள கரைசலில் 22-உம் அதற்குக் குறைந்த தங்கமும் கொண்ட கொத்துகள் முற்றிலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து தங்கம்–தயோலேட்டு அணைவுகளாகக் கரைந்துபோயின. 29-உம் அதற்கு மேலும் உள்ளவை அரிக்கப்பட்டு 25:18-இல் வந்து நின்றன. 25:18 மட்டும் அப்படியே இருந்தது. அட்லாண்டாவில் மிக அடர்ந்த பட்டையாக அது கிடைத்ததற்கும், சாப்பல் ஹில்லில் தற்செயலாக அதே கொத்து வந்து சேர்ந்ததற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

பின்விளைவுகள்

38:24 என்ற வாய்பாடு முற்றிலும் பொய்யாகவும் போகவில்லை. உண்மையான 38:24 பிறகு கிடைத்தது. 2010-இல் அதன் படிக அமைப்பு வந்தது. இரண்டு இருபதுமுகிகள் ஒரு முகத்தைப் பகிர்ந்துகொண்ட 23 அணு உள்ளகம், மூன்று குட்டை ஸ்டேபிள்கள், ஆறு நீள ஸ்டேபிள்கள். அதன் எலக்ட்ரான் எண்ணிக்கை 14. கோளக் கூட்டு எண்களில் 14 இல்லை. உள்ளகம் கோளமாக இல்லாமல் நீண்டிருப்பதால் அந்த எண் பொருந்துகிறது. எலக்ட்ரான் கணக்கை மட்டும் வைத்து ஒரு வாய்பாட்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

25:18 துறையின் அளவுகோலாகிவிட்டது. 2015-இல் சவுதி அரேபியாவில் ஒரு குழு அதே எண்ணிக்கையில் வெள்ளிக் கொத்தைப் படிகமாக்கியது. அடுத்த ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் குழு தங்க 25:18-ஐயும் வெள்ளி 25:18-ஐயும் ஒரே கரைசலில் கலந்து, இரண்டும் உலோக அணுக்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்வதை நிறை நிறமாலையில் பின்தொடர்ந்தது. கலப்பு விகிதத்துக்கு ஏற்ப முழுத் தங்கம் முதல் முழு வெள்ளி வரை எல்லாக் கலவைகளும் வந்தன. உலோகங்களின் கூட்டுத்தொகை 25-ஐயும் ஈனிகள் 18-ஐயும் தாண்டவில்லை. வாய்பாட்டில் ஓர் அணு ஐயம் இருந்திருந்தால்கூட இப்படி ஒரு சோதனையைத் திட்டமிட்டிருக்க முடியாது.

இன்று செய்தால் எது மாறும்

இன்று ஒரு புதிய கொத்துக்கு வாய்பாடு எழுதுபவர் ஐசோடோப்பு வரிசை தெளிவாகப் பிரியும் அளவுக்கு நிறை அளவீடு இல்லாமல் எழுதுவதில்லை. அது கருவி தந்த வசதி. கருவி இல்லாமலும் மாற்றியிருக்கக் கூடியவை உண்டு. முதலாவது, ஒரே கொத்தை நிறை வேறுபட்ட இரண்டு தயோல்களால் தனித்தனியே தயாரித்து இரண்டு மொத்த நிறைகளையும் ஒப்பிடுவது. அந்த வேறுபாட்டை ஈனி வேறுபாட்டால் வகுத்தால் ஈனி எண்ணிக்கை கிடைத்துவிடும். 16-ஐயும் 18-ஐயும் பிரிக்க அது போதும். 1998-இலேயே இதைச் செய்திருக்கலாம்.

மாதிரியில் எஞ்சியிருக்கும் உப்பை உடனே மாசு என்று எழுதிவிடாமல், கழுவக் கழுவ அது குறையாமல் குறிப்பிட்ட விகிதத்தில் நின்றால் மின்னூட்டத்தைச் சந்தேகிப்பது இரண்டாவது. ஈனியின் ஹைட்ரஜன் முகடுகளையும் அம்மோனியம் அயனியின் முகடுகளையும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் ஒப்பிட்டால் 18-க்கு ஒன்று என்ற விகிதம் படிகம் வருவதற்கு முன்பே தெரியவந்திருக்கும்.

பழைய கட்டுரைகளை என்ன செய்வது என்ற நடைமுறைச் சிக்கல் இன்னும் இருக்கிறது. 28 அணுக் கொத்தின் ஒளிர்வு, 38 அணுக் கொத்தின் மின்வேதியியல் என்ற தலைப்புகளில் வந்த அளவீடுகள் நல்லவை. தலைப்பை மட்டும் 25 என்று மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும். 38-இல் மட்டும் எச்சரிக்கை தேவை, ஏனென்றால் உண்மையான 38-உம் உண்டு. ஆண்டை மட்டும் நம்பிப் பிரிக்க வேண்டாம். உறிஞ்சல் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 1.3 எலக்ட்ரான் வோல்ட் அருகே என்றால் அது 25:18. 0.9 அருகே தொடங்கி, 620 நானோமீட்டரிலும் 750-இலும் 1,050 அருகிலும் முகடுகள் காட்டினால் அது உண்மையான 38:24.